காதல் என்றால் பூச்சியம்

2025 மே 11, ஞாயிறு

இன்றைக்கு மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு வந்ததற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

விளையாட்டும் பொழுதுபோக்கும் வினாடி வினா, மாவட்டச் சுற்று. கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனி நடத்துகிறது. அணிக்கு மூன்று பேர். செட்டிபாளையத்தில் இருந்து நானும் நிதுர்ஷனும், காத்தான்குடியில் இருந்து ஸாதியா. கெம்பஸில் மூவரும் ஒரே வருடம். இப்போது நான் களுவாஞ்சிக்குடியில் போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிறேன். நிதுர்ஷன் இசைக்குழுவில் ஒக்டபேட் அடிக்கிறான். ஸாதியா இங்கிலிஸ் டியூசன் கொடுக்கிறாள். பட்டதாரிகள்! சரி, விடு.

எந்த மொழியில் விளையாடுவது என்பதை அணியே தெரிவு செய்யலாம். ஸாதியாவின் வாப்பா கட்டாரில் வேலை செய்தவர், அவள் சின்ன வகுப்பெல்லாம் அங்கேதான் படித்தாள், இங்கிலிஸ் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் வராது. தமிழ் மேசை என்று சொன்னேன். பதிவு செய்த பெடியன் பேனையைத் தூக்கிவிட்டு, “தமிழ் மேசை இதுவரைக்கும் கொழும்பு இறுதி மேடைக்குப் போனதில்ல அக்கா” என்றான். ஏதோ எங்களுக்கு உதவி செய்கிற மாதிரி.

“அப்ப நாங்க போறம், எழுது” என்றேன்.

முதல் கேள்வி. அறிவிப்பாளர் அட்டையைப் பார்த்து வாசித்தார்: “டெனிஸ் விளையாட்டில் காதல் எத்தனை?”

சிரிப்பு வெடித்தது. பக்கத்து மேசைப் பெடியன் பஸரை அடித்து, “ரெண்டு. ஒராளால ஏலாதுதானே” என்றான். இன்னும் சிரிப்பு. ஸாதியா மட்டும் தலையைச் சரித்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற மாதிரி இருந்தாள்.

“பூச்சியம்” என்றாள்.

சரியான விடை.

“இங்கிலிசில பூச்சியத்துக்கு லவ் எண்டுவாங்க. ஆரோ இங்கிலிஸ் கேள்விய மொழிபெயர்க்கிற மெஷினுக்குள்ள போட்டு அப்பிடியே எடுத்திருக்கான் கா” என்று காதுக்குள் சொன்னாள்.

அடுத்தது: “கிரிக்கெட்டில் இரவுக் காவலாளி எப்போது வேலைக்கு வருவார்?” ஒரு மேசை “ஆறு மணிக்கு” என்றது. பாவம், அவர்கள் பகிடிக்குச் சொல்லவில்லை. ஸாதியா சொன்னாள்: “நைற் வோச்மன். டெஸ்ட் மெச்சில பொழுது படுற நேரம் விக்கெட் விழுந்தா, நல்ல ஆளைக் காப்பாத்த முன்னுக்கு அனுப்புற கடைசி ஆள்.”

வென்றுவிட்டோம். கல்லடிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. நான் வாவியைப் பார்த்தபடி யோசித்தேன். அவள் கேட்டது தமிழை இல்லை. தமிழுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற இங்கிலிசை. உடைந்த பானைத் துண்டைத் தட்டிப் பார்த்து முழுப் பானையையும் சொல்கிறாள். என்ன மூளை இது?

மே 12

கொப்பி எடுத்துக்கொண்டு நிற்கும்போது இரவுக் காவலாளி ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். கடை முதலாளி அழகரத்தினம் அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்ன புள்ள, ஆரும் காதல் கடிதம் கொப்பி எடுக்கக் குடுத்தவனா?”

மே 18

ஸாதியா வீட்டில் பயிற்சி. நான் ஃபோனில் இங்கிலிஸ் கேள்வியைப் போட்டு, அது துப்புகிற தமிழை வாசிப்பேன். அவள் கண்டுபிடிக்க வேண்டும். “தங்க வாத்து” என்றால் கோல்டன் டக், கிரிக்கெட்டில் முதல் பந்திலேயே ஆட்டமிழப்பது. “ஒரு அடி அதிசயம்” என்று வாசித்தேன். நிதுர்ஷன், “ஆருக்கு அடி?” என்று கேட்டான்.

“அடி இல்லடா, ஹிட். வன் ஹிட் வொண்டர். ஒரே ஒரு பாட்டு ஹிட்டாகி அதோட காணாமப் போற பாடகன். உன்னப் போல. உனக்கு அந்த ஒண்டும் இல்ல.”

அவளுக்குத் திமிர் கூட. இருக்கட்டும். வைத்திருப்பவள் காட்டுகிறாள்.

நிதுர்ஷனும் லேசுப்பட்டவன் இல்லை. பாட்டுச் சுற்றுக்குப் பழக, ஸாதியாவின் உம்மா பிளேன்டீயோடு வந்து தன்னுடைய ஃபோனில் ஒரு பழைய படப் பாட்டைப் போட்டா. இசை தொடங்கவில்லை, குரல் வரவில்லை, பாடகி மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும்தான். அவன் பாட்டைச் சொன்னான். உம்மா அப்படியே நின்றுவிட்டா. “மாஷா அல்லாஹ்! மூச்சிலயா மனே?”

எனக்கு என்ன தெரியும்? விளையாட்டு விதிகள் தெரியும். கோபிக்கத் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மே 24, சனி

இரண்டாம் சுற்று. முதலாவதாக வந்தோம். எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தன்னாமுனைத் தமிழ் மேசையின் தலைவர் யோகராசா அண்ணன். பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து ஊர்க் கழகத்துக்குக் கோல் காப்பவர். கை ஒவ்வொன்றும் அகப்பை மாதிரி. அவர்களுக்கு வந்த கேள்வி: “உதைபந்தாட்டத்தில் சுத்தமான படுக்கை விரிப்பை வைத்திருப்பவர் யார்?”

அவர் எழும்பினார். “ஐயா, கேள்வி விளங்கல்ல. திரும்ப ஒருக்கா?”

அதே சொற்கள்.

“படுக்கை விரிப்பா?”

“அப்படித்தான் அட்டையில் கிடக்கு.”

பின்னால் இருந்து எவனோ கத்தினான்: “லோண்டிரிக்காரன் எண்டு சொல்லுங்க அண்ணே!”

நேரம் முடிந்து கேள்வி எங்களுக்கு வந்தது. ஸாதியா என் பக்கம் சாய்ந்து “கிளீன் ஷீற்” என்றாள். பிறகு மைக்கில், “கோல் காப்பாளர்.” கோலே வாங்காமல் ஆட்டத்தை முடித்தால் அதற்கு இங்கிலிசில் அப்படி ஒரு பெயராம்.

முடிந்த பிறகு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோகராசா அண்ணன் நின்றார். கோபமாகக்கூட இல்லை. “அது நான்தானே தங்கச்சி. கேட்டது என்னையத்தான். எனக்கே விளங்கல்ல.”

இங்கிலிஸ் மேசைகளுக்குக் கேள்வி இஸ்திரி போட்ட சேட் மாதிரி வருகிறது. எங்களுக்கு மட்டும் கசக்கி எறிந்தது. பிறகு சொல்வார்கள், தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொது அறிவு காணாது என்று. பஸ்ஸில் ஒட்டுகிற அறிவிப்பில் இருந்து மருந்துப் பெட்டி வரைக்கும் இப்படித்தான். எங்களுக்கு ஒன்றும் விளங்கத் தேவையில்லை, தமிழ் எழுத்து இருந்தால் போதும் என்று நினைக்கிறாங்கள். ச்சீ.

தன்னாமுனை ஐந்தாவதாக வந்து தப்பிவிட்டது. முதல் ஐந்து அணிகளும் மாகாண இறுதிக்குப் போகலாம். அதில் வெல்கிற ஒரே ஓர் அணிக்குத்தான் கொழும்பு.

மே 25

ஸாதியாவுக்கு ஃபோன் எடுத்து, முறைப்பாடு எழுதப் போகிறேன் என்றேன்.

“உனக்கென்ன விசரா? அந்தப் பிழைத் தமிழ்தான் எங்கட பலம். அதத் திருத்தினா எல்லாருக்கும் விளங்கும். எல்லாருக்கும் விளங்கினா நாம எப்பிடி வெல்லுற?”

“யோகராசா அண்ணன்ட முகத்தப் பார்த்தியா?”

“பார்த்தன். மாகாண இறுதியிலயும் பார்ப்பன். கொழும்புக்குப் போவணும் எண்டு துள்ளினது ஆரு கஜானி? நானா?”

நான்தான். அதுதான் பிரச்சினை. அவள் சொல்வதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. இப்படியே போனால் நாங்கள்தான் வெல்வோம், தமிழ் மேசை கொழும்பில் ஏறும். எப்படி ஏறும்? மற்றத் தமிழ் மேசை எல்லாம் வாய் பிளந்து நிற்க, நாங்கள் இங்கிலிசால் ஏறுவோம். அதற்குப் பேர் தமிழ் மேசையா?

மே 29

இன்னும் எழுதவில்லை. எனக்கும் வெல்ல ஆசை. இதை ஒளித்து என்ன பிரயோசனம்.

ஜூன் 1, ஞாயிறு

எழுதிவிட்டேன். விளம்பரத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு. காதல், காவலாளி, விரிப்பு எல்லாவற்றையும் போட்டு, ஒவ்வொன்றும் என்ன என்று விளக்கி, கடைசியில்: “தமிழ் தெரிந்த ஒரு மனிதர் இந்த நாட்டில் உங்களுக்குக் கிடைக்கவில்லையா?” அனுப்புவதற்கு முன் ஸாதியாவுக்கும் நிதுர்ஷனுக்கும் வாசித்துக் காட்டினேன். நிதுர்ஷன் “போடு” என்றான். ஸாதியா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

“அனுப்பு. ஆனா தோத்தா எண்ட முகத்துல முழிக்காத.”

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். ஸாதியா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். றிஸான் நானா – அவளுடைய அண்ணன் – மோட்டார் சைக்கிளில் வந்து புரியாணியும் வட்டிலப்பமும் தந்துவிட்டுப் போனார். மூடியில் ஒரு துண்டுக் காகிதம்: ‘கம்பெனி பதில் போட்டதா?’

இல்லை.

ஜூன் 15

பதில் இல்லை. குப்பையில் போட்டிருப்பார்கள். ஸாதியா மெஷின் தமிழிலேயே பயிற்சி செய்கிறாள். இப்போது யோசிப்பதுகூட இல்லை, நான் வாசித்து முடிக்க முன்பே கை பஸருக்குப் போகிறது.

ஜூன் 21, சனி

மாகாண இறுதி. நடந்தபடியே எழுத முயற்சிக்கிறேன்.

ஐந்து மேசை. மூன்று தமிழ், இரண்டு இங்கிலிஸ். இம்முறை அறிவிப்பாளர் ஒரு பெண். முதல் அட்டையை எடுத்து வாசித்தா:

“ஓர் ஓவர் முழுக்க எதிரணிக்கு ஓட்டமே கொடுக்காமல் வீசி முடித்தால், அந்த ஓவரை எப்படிச் சொல்வோம்?”

மூன்று தமிழ் மேசையும் ஒன்றாகப் பஸரை அடித்தன: மெய்டன் ஓவர்.

என் கையில் மயிர் எழும்பி நின்றது. ‘எப்படிச் சொல்வோம்’ – நாங்கள் பேசுகிற மாதிரியே. வாய் உள்ள, காது உள்ள யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மேடை விளக்குக்குக் கீழே, மைக்கில், எங்களைப் பார்த்து, விளங்குகிற ஒரு கேள்வி! இதற்குப் போய் இப்படியா என்று யாரும் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

ஸாதியா திரும்பிப் பார்த்தாள். “இது நல்ல தமிழ்.”

“ஓம்.”

“உண்ட கடுதாசி.”

“ஓம்.”

“எண்ட வேல முடிஞ்சுது கா” என்றாள். சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஆட்டம் வேறு. யோகராசா அண்ணனின் அகப்பைக் கை விழ விழ மேசை அதிர்ந்தது. பாட்டுச் சுற்றில் நிதுர்ஷன் எங்களைத் தூக்கி நிறுத்தினான். இங்கிலிஸ் மேசைகள் பின்னுக்குப் போயின. கடைசிக் கேள்விக்கு வரும்போது நாங்களும் தன்னாமுனையும் சமம்.

“கைப்பந்தாட்டத்தில் ஓர் அணி சார்பாக ஒரே நேரத்தில் எத்தனை பேர் களத்தில் நிற்கலாம்?”

எனக்குத் தெரியும். ஏழு. கோல் காப்பாளரோடு ஏழு. விரலைக் காட்டத் தூக்கினேன், அதற்குள் ஸாதியாவின் கை பஸரில் விழுந்துவிட்டது.

“ஆறு.”

பிழை. கேள்வி தன்னாமுனைக்குப் போனது. யோகராசா அண்ணன் அவசரப்படாமல், “ஏழு” என்றார்.

அவ்வளவுதான்.

மண்டபத்துக்கு வெளியே ஸாதியா மதிலைப் பார்த்தபடி சொன்னாள்: “நல்ல தமிழ் எண்டு தெரியும். தெரிஞ்சும் கை அடிச்சுப் போட்டுது. நமக்குக் கரப்பந்து எண்டா வொலிபோல், கைப்பந்து எண்டா ஹான்ட்போல். மெஷினுக்குக் கைப்பந்து எண்டா வொலிபோல், ஆறு பேர். அது இந்தியாவில படிச்ச மெஷின். எத்தின தரம் அப்பிடித் திருப்பிப் போட்டிருக்கன்… உள்ளதை உள்ளபடி கேட்டிருக்காங்க. நான் போய் மொழிபெயர்த்திருக்கன்!”

நிதுர்ஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அறிவிப்பாளரிடம் போய்க் கேட்டேன். மின்னஞ்சல் வந்ததும் தமிழ் அட்டைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்துத் திரும்ப எழுதவைத்தார்களாம். “உங்களுக்குப் பதில் போடல்லையா?” என்று அந்தப் பெண்ணே ஆச்சரியப்பட்டா.

தமிழ் மேசை கொழும்புக்குப் போகிறது. நாங்கள் இல்லை.

ஜூன் 22

என் கடிதம்தான் எங்களைத் தோற்கடித்தது. திரும்ப எழுத வேண்டி வந்தால் எழுதுவேனா?

ஓம். ஆனா நெஞ்சு எரியுது. அதையும் சொல்லத்தானே வேணும்.

ஜூன் 30

ஸாதியா ஃபோன் எடுக்கவில்லை. மூன்று தரம் அழைத்துப் பார்த்தேன். நிதுர்ஷனோடு கதைத்தாளாம். என்னைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

ஜூலை 6

அவளே அழைத்தாள். சலாமும் இல்லை, சுகம் கேட்கவும் இல்லை.

“யோகராசா அண்ணன் ஃபோன் பண்ணினார். கொழும்பில திரும்பவும் அந்த மெஷின் வந்தா என்ன செய்யிற எண்டு கேக்கிறார். நேத்துத் தன்னாமுனைக்குப் போய்ப் படிப்பிச்சுப் போட்டு வந்தன்.”

“நீயா?”

“வேற ஆரு? உனக்குத் தெரியுமா இதெல்லாம்?” பிறகு, “இன்னும் கோவம்தான். சனிக்கிழமை கொழும்பு இறுதியப் பார்க்க உண்ட கடைக்கு வாறன். அங்க கரண்ட் போகாதுதானே?”

தன்னைத் தோற்கடித்தவர்களுக்குத் தன்னிடம் இருந்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நான் அநியாயத்தைக் கண்டால் கத்துவேன். இவள் பஸ் பிடித்துப் போகிறாள். எது பெரிது?

ஜூலை 12, சனி

கடைக் கணினியில் நேரலை. நான், ஸாதியா, நிதுர்ஷன். அழகரத்தினம் அண்ணன் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மேடையில் தன்னாமுனைக்காரர் மூன்று பேரும் புதுச் சேட்டோடு, ‘தமிழ்’ என்று எழுதின பலகைக்குப் பின்னால்.

ஸாதியா படிப்பித்தது ஒன்றும் தேவைப்படவில்லை. எல்லாம் நேரான கேள்வி. அவள் ஒவ்வொன்றுக்கும் முதலே பதில் சொல்லி, “லேசு, லேசு” என்று முணுமுணுத்தாள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்க வந்த ஒரு மனுசியும் அப்படியே நின்று பார்த்தா. “கரம் விளையாட்டில் சிவப்புக் காய்க்கு எத்தனை புள்ளி?” என்று கேள்வி வந்தது.

“அஞ்சு!” என்றா அந்த மனுசி, மேடைக்குக் கேட்கிற மாதிரி.

யோகராசா அண்ணன் “மூன்று” என்றார். சரி என்றார்கள்.

“ஆரு சொன்ன மூண்டெண்டு? எங்கட வீட்ட எப்பவும் அஞ்சுதான். இவருக்குக் கரம் விளையாடத் தெரியாது போல. நீங்க சொல்லுங்க தம்பி, அஞ்சா இல்லையா?”

நிதுர்ஷன் என்னைப் பார்த்தான். ஸாதியா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறேன். “கேள்வியோட சண்டை இல்ல பாரு” என்றாள் என்னிடம். “பதிலோட சண்டை பிடிக்கிறா.”

நான் கொப்பியை எடுத்து நீட்டினேன். அந்த மனுசி வாங்கி மடித்து, படியில் இறங்கி, றோட்டைக் கடக்கும் வரைக்கும் மூன்றை ஒத்துக்கொள்ளவே இல்லை.