ஓட்டாரின் வெந்நீர்க் கிணறு

நவம்பர் 4
வெளியே பனி, கண்ணாடிக் கூடத்துக்குள் வியர்வை. வெள்ளரிக் கொடிகள் கூரையைத் தொடுகின்றன. கணவர் பால்மி போனபிறகு எனக்கு மிச்சம் இது ஒன்றுதான். சூடு மட்டும் என்னுடையது இல்லை. அவர் தம்பி ஓட்டாரின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாயில் வருகிறது. இன்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்டான்: "அண்ணி, உங்க வெள்ளரிக்கு என் வெந்நீர். ஒரு நன்றி சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"
சொன்னேன். வேறு வழி?

நவம்பர் 19
காசு கொடுத்துத் தங்கும் விருந்தாளிகளுக்காக வெந்நீர்க் குளம் கட்டி, கிணற்று வால்வைப் பாதிக்கு மேல் திறந்துவிட்டிருக்கிறான். போய்ச் சொன்னேன். ஆழத்தில் அந்த நீர் கரியமிலவாயுவைச் சேர்த்துக்கொண்டு பாறையைக் கரைத்து வைத்திருக்கிறது. இப்படித் திறந்தால் அழுத்தம் இறங்கி, குழாய்க்குள்ளேயே கொதிக்கும். வாயு பிரியும். கரைந்த சுண்ணாம்பு கல்லாகப் படியும்.
குளத்தில் கிடந்தபடியே விருந்தாளிகளிடம் சொன்னான்: "எங்கண்ணி. துளை போடற கம்பெனியில சோடாத் தண்ணி சோதிச்சவங்க. அண்ணன் செத்ததும் கல்லோட பேச ஆரம்பிச்சுட்டாங்க."
எல்லோரும் சிரித்தார்கள். பால்மியை எதுக்குடா இழுக்கிற?

டிசம்பர் 8
புத்தாண்டோடு என் குழாயை வெட்டுகிறானாம். இன்னொரு குளம் வேண்டுமாம்.
"செடியெல்லாம் செத்துடும், ஓட்டார்."
"கடையில வெள்ளரி கெடைக்குது, அண்ணி."

டிசம்பர் 9
தூங்கவில்லை.

டிசம்பர் 17
தானாக வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "கிணத்துல வேகம் கொறையுது. நீங்க இதுலயே இருந்தவங்க. என்ன பண்ணலாம்?"
வால்வைக் கொஞ்சம் மூடு — நாக்கு நுனிவரை வந்தது. மூடினால் கிணறு பிழைத்துக்கொள்ளும்.
"முழுசாத் திற. அடைப்ப அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றேன்.
நம்பினான். நவம்பரில் நான் சொன்னது அவன் காதில் ஏறியிருந்தால்தானே. மண்ணுக்கடியிலிருந்து வெந்நீர் சும்மா வருகிற ஊர்; ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்துபோட்டு வீட்டைச் சூடாக்குகிறவர்கள் நாங்கள். சூடு குறைந்தால் இன்னும் திற — வேறென்ன தெரியும்?
பாவமா? இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 30
கிணறு நின்றுவிட்டது. குளம் உறைந்து வெடித்தது. விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள். கிணற்றைச் சோதிக்க ரெய்க்யாவிக்கிலிருந்து வந்தவர் குழாய்க்குள் கேமராவை இறக்கிக் காட்டினார். சுற்றிலும் வெள்ளைக் கல், நடுவில் விரல் நுழையும் ஓட்டை.
என் கொடிகளும் கறுத்துத் தொங்குகின்றன. எப்படியும் புத்தாண்டோடு சாக இருந்தவைதானே. இருந்தாலும் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 2
ஓட்டார் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். வீட்டை விற்கிறானாம். "ஊர்ல எல்லாரும் வேடிக்கதான் பாத்தாங்க. எனக்கு வழி சொன்னது நீங்க ஒருத்தர்தான், அண்ணி."
முன்பே பறித்து வைத்திருந்த கடைசி வெள்ளரியை நறுக்கி, ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்துக் கொடுத்தேன்.
சாப்பிட்டான். நன்றி சொன்னான்.