கடைக்கு மேலே வீடு

செல்ல மகளுக்கு,

போனில் பேசினால் என் குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அதனால் உன் ஊருக்கு வரும் பக்கத்துக் கடைக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"ஒரே தொழிலை நம்பாதீங்க மாமா, நாலு கிளை விடணும்" என்று மாப்பிள்ளை சொன்னாரே, விட்டேன். கேஸ் அடுப்பு ரிப்பேரோடு புது அடுப்பு விற்றேன். அதில் ஈதான் ஓட்டினேன். பிறகு பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு கேஸ் மாற்றிக் கொடுத்தேன். அதற்கு ஒரே கூட்டம். எட்டாவது தாண்டாத உன் அப்பன் முதலாளி ஆகிவிட்டான் போ!

நேற்று வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னண்ணே, இப்படி கேஸ் நாறுது?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் அதிலேயே கிடந்து மூக்கு மரத்துவிட்டது. கசிவு பார்க்க சிலிண்டர்களில் சோப்பு நுரை தடவினேன். ஒரு வால்வில் குமிழி குமிழியாக வந்தது.

மாடிக்கு ஓடினேன். அம்மா கையில் தீப்பெட்டி.

"ஏதாவது நாத்தம் வருதா?"

"உங்க வியர்வைதான் வருது. தள்ளுங்க, அடுப்பு பத்த வைக்கணும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வயசான காலத்துல என்ன கொஞ்சல்?" என்று சிரித்தாள்.

அந்த வால்வை மாற்றிவிட்டேன், கணக்குப் பார்க்க என்று அம்மாவிடம் சொல்லிக் கடையையும் மூடிவிட்டேன். சிலிண்டர்களை எடுத்துப்போக அடுத்த வாரம்தான் வண்டி வருமாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அம்மாவை இன்றைக்கே கூப்பிட்டுக்கொள். நான் ஏன் வரவில்லை என்று கேட்டால், கடைக் கணக்கு இன்னும் முடியவில்லையாம் என்று சொல். நிஜம் தெரிந்தால் என்னை விட்டுக் கிளம்பமாட்டாள்.

உன் அசட்டு
அப்பா