விழுந்தால் ஃபவுல்

என் செல்லத் தம்பி தயாவுக்கு,

நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. இன்றைக்கு உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். நம் தங்கச்சி விழுந்துவிட்டாள். பள்ளிக்கூடத்து வலைப்பந்துப் போட்டியில் பந்துக்குப் பாய்ந்து, கிரவல் நிலத்தில் முழங்காலும் முழங்கையும் கிழிய விழுந்திருக்கிறாள். யாருடைய தங்கச்சி, சொல்ல வேண்டுமா?

நீயும் உன் கூட்டாளிகளும் போட்டிருந்த அந்தச் சட்டம் நினைவிருக்கிறதா? உலகத்தில் வேறெந்தக் கால்பந்திலும் இல்லாத சட்டம். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பிள்ளைகளை மறித்து முழங்காலையும் முழங்கையையும் பார்ப்பார்கள். தழும்பிருந்தால் இயக்கத்தில் ஊர்ந்து பயிற்சி எடுத்தவன் என்று பிடித்துக்கொள்வார்கள். பக்கத்து வளவு ரவி கபடிக் காயத்தோடு நகரத்துக்குப் போய்த் திரும்பி வராத பிறகு, தாய்மார் எல்லாரும் விளையாட்டே வேண்டாம் என்று நின்றார்கள். நீங்கள் விடவில்லை. விழுந்தால் ஃபவுல் என்று ஆக்கினீர்கள். அக்கம்பக்கத்து ஊர்களும் ஒத்துக்கொண்டன. கோல் காக்கிற உனக்கும் அதே சட்டம்தான். எட்டாத பந்தை நின்றபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"விழாம விளையாடு மனே" என்று அம்மா சொல்லிச் சொல்லி அனுப்புவார். "ஓம் அம்மா, சாமி சிலை மாதிரி நிக்கிறன்" என்பாய்.

பிறகு அன்றைக்கு ஏன் பாய்ந்தாய்? அறுவடை முடிந்த வயல் வட்டையில், வவுணதீவுப் பொடியன் அடித்த கடைசிப் பந்து. போனால் ஒரு கோல், அவ்வளவுதான். நீ பாய்ந்து பிடித்தாய். உன் கூட்டாளிகள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வவுணதீவுக்காரர் ஃபவுல் கேட்டுச் சண்டைக்கு வந்தார்கள். வட்டையில் கிடந்த துருப்பிடித்த தகரம் முழங்காலைக் கிழித்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். நீ சிரித்துக்கொண்டு நின்றாய்.

ஊசி போடப் பாலத்தடிச் சாவடியைத் தாண்டி வாவிக்கு அக்கரை போக வேண்டும். அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினார்.

"காயட்டும் புள்ள, மறுகா கொண்டு போவம். இப்ப கொண்டு போனா இவனத் திருப்பித் தரமாட்டாங்கள்."

அம்மாவில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரவியின் தாய் இன்றைக்கும் முகாம் வாசல்களில்தான் நிற்கிறார்.

காயம் காய்ந்தது. ஆனால் உன் வாய் இறுகித் திறக்காமல் போனது. மாமாவின் உழவு இயந்திரத்தில் உன்னைக் கிடத்திக்கொண்டு போனோம். சாவடியில் ஆமிக்காரன் உன் முகத்தைத்தான் பார்த்தான். முழங்காலைப் பார்க்கவே இல்லை. "கெதியா போ, கெதியா போ" என்று தடையை அவனே தள்ளிவிட்டான். துருக் காயத்தால் வந்த ஏற்பு வலி, ஊசிக்குப் பிந்திவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

முதல் நாளே போயிருந்தாலும் அப்படி விட்டிருப்பானா? அம்மா அந்த ஒரு கேள்வியோடுதான் எழும்புகிறார், படுக்கிறார்.

இப்போது வட்டையில் விளையாட ஆளில்லை. உன் கூட்டாளிகளில் சிலரை இயக்கம் கொண்டு போனது. சிலரைத் தாய்மார் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். உன் கோல் கம்பத்தில் யாரோ மாடு கட்டியிருக்கிறார்கள்.

இன்றைக்குத் தங்கச்சி இரத்தத்தோடு வந்து நின்றதும் அம்மா நேரே அம்மியடிக்குப் போனார். திரும்பவும் மஞ்சள். "காயட்டும் புள்ள, மறுகா..." என்று தொடங்கினார். அம்மியில் கையை வைத்து மறித்தேன்.

"நாளைக்கே நான் இவள ஊசி போடக் கொண்டு போறன் அம்மா."

"ரெண்டு பேரையும் புடிச்சா?"

தங்கச்சிதான், "விழுந்தாலும் பந்த விடல்ல அக்கா" என்றாள். நீ இருந்திருந்தால் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது.

விடிந்ததும் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன். நீளப் பாவாடை போட்டு மறைக்க மாட்டேன். சாவடியில் கேட்டால், விளையாடி விழுந்த காயம் என்று உள்ளதைச் சொல்வேன். நம்புவார்கள் என்று எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. ஆனாலும் அவளை விட்டுவிட்டு நான் தனியே வர மாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

நாங்கள் இருவரும் வராவிட்டால், அம்மாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலிக்கு இப்பால் விழுந்த பந்தையெல்லாம் உனக்கு எறிந்து தந்த,
உன் அக்கா