எடைமேடையில் திரும்பும் பஸ்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். உங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்று ஆசிரியர் அறை வாசல்வரை வந்து, கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவள் நான். எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

பஸ் வந்துவிட்டது டீச்சர்! திங்கட்கிழமை காலையில் பார்த்தேன். மஞ்சள் பஸ், சீட்டுகளில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. நீங்கள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அன்றைக்கு ஆய்வகத்தில் என்னை மட்டும் நிறுத்திச் சொன்னீர்களே, அரசாங்கம் நமக்குச் சம்பளமும் பாடப்புத்தகமும்தான் தருகிறது, பஸ், ஆய்வகச் சாமான், கழிப்பறை கழுவ ஆள் எல்லாவற்றையும் வகுப்பறைக்கு வெளியே உள்ள செலவு என்று தள்ளிவிடுகிறது என்று. பஸ் கேட்கும் படிவத்தில் ‘பஸ் இல்லாததால் படிப்பை விட்டவர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் வருடா வருடம் நாம் பூஜ்யம்தான் போடுகிறோமாம். “நீங்க பாட்டுக்கு ஏழு கிலோமீட்டர் நடந்து வந்துக்கிட்டே இருந்தா பஸ்ஸு எப்படிடி வரும்?” என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

அந்தக் கட்டத்தில் ஒரு பெயராவது வேண்டும், மூன்றே மாதம் வீட்டில் இரு, பஸ் வந்ததும் நானே உன் பெயரைத் திரும்ப எழுதிவிடுகிறேன், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ மட்டும் வாயைத் திறக்காதே என்றீர்கள். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு ஒரு வேலையா டீச்சர்? அதற்கு அந்த வகுப்பில் என்னைவிட்டால் வேறு ஆள் ஏது?

வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அம்மா தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலேயே என்னையும் சேர்த்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வரும். இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்து, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நடந்துபோய் முனைகளைச் சேர்க்க வேண்டும். எனக்கு ஜோடி ஒரு அக்கா. காலையில் ஆரம்பித்தால் மாலைவரை நிறுத்தமாட்டாள் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். “வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா உனக்கு?” என்று ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு தடவை கேட்கிறாள். மூன்று மாதம்தானே என்று இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். பஸ் லாரி எடைமேடையோடு திரும்பிப் போய்விடுகிறது. எங்கள் நாலு வீடும் அதற்கு அப்புறம் இரண்டு கிலோமீட்டர். ரேடியோ அக்கா டிரைவரைக் கேட்டாளாம். “லிஸ்ட்ல பேர் இருக்கிற பிள்ளைங்க வீட்டுக்குத்தான் ஸ்டாப்பு. அந்தப் பக்கம் யாரும் படிக்கலையாமே” என்றாராம். என் பெயரை எழுதியதும் அது சரியாகிவிடும் அல்லவா? எந்த நாள் வரட்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். சீருடையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.

மார்ச் 4

டீச்சருக்கு,

வணக்கம். ஜனவரியில் எழுதியதற்குப் பதில் இல்லை. நீங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்வில் போய்விட்டதாகப் பள்ளிக்கூடக் காவலாளி சொன்னார். எல்லாப் பள்ளிகளின் பஸ்களுக்கும் இனி நீங்கள்தான் பொறுப்பாம். விலாசமும் அவர்தான் கொடுத்தார். வாழ்த்துகள்.

போன வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு கேட்டுத் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். நானே போனேன், கூட யாரும் வரவில்லை. கதவைத் தட்டியும்விட்டேன். உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

அவர் நல்லபடியாகத்தான் உட்காரச் சொன்னார். நீங்கள் எழுதச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தேனே ஒரு பக்கம், ‘எனக்குப் படிக்க ஆசை, பஸ் இல்லை’ என்று, அதை பஸ் விஷயமாக ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னால் நீங்கள் வாசித்தபோது ஒரு அதிகாரி கண்ணைத் துடைத்தாராம். இதைச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை, பெயர் நீக்கிய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே உங்கள் கையெழுத்தில் இருந்தது: படிப்பில் நாட்டமின்மை, தாயாரின் வேண்டுகோள். கீழே அம்மாவின் கையெழுத்து.

இது இரண்டும் எப்படி டீச்சர் நானாக இருக்க முடியும்?

அதை நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். “ரெண்டு காகிதமும் மேலிடத்துல ஒரே மேசைக்கு வந்தா பஸ் போயிடும்மா. உன்னைச் சேர்த்துக்க எனக்கு ஆசைதான். உன் கிளாஸ் டீச்சர், தான் எழுதினது தப்பு, இவ படிக்கக்கூடிய பொண்ணுன்னு எனக்கு ஒரு கடிதம் கொடுக்கட்டும். அது என் மேசையோட நிக்கும்.” இந்த மாதம் முப்பத்தொன்றோடு பதிவேடு முடிகிறது. அதற்குப் பிறகு என் வயதுக்குச் சேர்க்க மாட்டார்களாம்.

அன்று மாலை அம்மாவைக் கேட்டேன். அம்மா இஸ்திரி மேசையில் தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே சொன்னாள். “அவ்வளவு பெரிய டீச்சர் நம்ம வீடு தேடி வந்தாங்க. உன் பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா படிப்பு ஏறலை, பரீட்சையில தோத்து நாலு பேர் சிரிக்கறதுக்கு முன்னால கௌரவமா நிறுத்திக்கோங்கன்னாங்க. உன் மனசு நோகுமேன்னுதான் நான் இத்தனை நாளா வாயே திறக்கலை.” உங்களுக்கு நாற்காலி இல்லாமல் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டாளாம்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நாலு நாள் யோசித்தேன். விரிப்பு மடிக்கும்போது யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. பஸ் இல்லை, அதனால் நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால், நானே கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போகிறேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். அது உங்களுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேரையும் நீங்கள் நன்றாகவே படித்து வைத்திருந்தீர்கள். எனக்காக அவள் பேசமாட்டாள், உங்களுக்காக நான் பேசமாட்டேன்.

நடந்தது எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதே இல்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு என் தலையைத் தடவினாள். “டீச்சர் ஏம்மா பொய் சொல்லப் போறாங்க? வரலைன்னா வரலை, விடு. எனக்கும்தான் வரலை” என்றாள்.

திட்டியிருந்தால் பரவாயில்லை.

ரேடியோ அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. “நேரா அந்த ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டிக் கேளுடி, நான் வரேன்” என்று குதிக்கிறாள். அவள் வந்தால் மேசை உடைந்துவிடும். நான் போகமாட்டேன் டீச்சர். அந்த பஸ்ஸில் இப்போது நாற்பத்தொரு பேர் போகிறார்கள். மழையில் நனையாமல் போகிறார்கள். அதில் இருவர் முன்பு என்னோடு நடந்தவர்கள். எனக்குக் கையசைக்கிறார்கள். பஸ்ஸை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என்னைக் கேட்டிருந்தால் அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொல்ல நான் சம்மதித்திருக்கமாட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து என் மதிப்பெண் தாளை எல்லாம் மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தவள் அவள். இப்போது அவற்றை எடுத்து யாருக்கும் காட்டுவதில்லை.

தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது. எடைமேடைவரை நான் நடந்துகொள்கிறேன், ஸ்டாப் கேட்கமாட்டேன். உங்கள் புது வேலைக்கு அது இடைஞ்சல் என்று தோன்றினால், அதை விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு மட்டும் எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதினால் அவளே எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். நான் சொன்னால் நம்பமாட்டாள், நீங்கள் சொன்னால் நம்புவாள். ‘உங்கள் மகளுக்குப் படிப்பு வரும்’ என்று ஒரே வரி போதும்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் பஸ்கள் எல்லாம் ஓட வேண்டும்.

இந்தத் தடவை உங்கள் மாணவி என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு வரவில்லை. போடலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.