மீனம்பாக்கத்தில் ஒரு பகல்

மஸ்கட்,
12.3.1989

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் செலின் வணக்கம். மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

ஒன்று சொல்கிறேன், பயப்படாதீர்கள். அன்று நீங்கள் கையசைத்துவிட்டுப் பல்லாவரம் திரும்பிய பிறகு, கிளம்பிய விமானம் கோளாறு என்று மறுபடி மீனம்பாக்கத்திலேயே இறங்கிவிட்டது. பகல் முழுக்க எங்களை ஒரு ஹாலில் உட்காரவைத்தார்கள். சாப்பாடும் இல்லை, பதிலும் இல்லை. பக்கத்தில் ஒருத்தியின் கைக்குழந்தை பசியில் வீறிட்டது. நேரே விமானக் கம்பெனி அதிகாரியிடம் போனேன்.

"சார், நான் நர்ஸ். இந்தக் குழந்தைக்கு இப்பவே பால் வேணும். இல்லேன்னா எல்லாரும் உங்க ரூம்லயே வந்து உக்காந்துடுவோம்" என்றேன். பால் வந்தது. பின்னாலேயே எல்லாருக்கும் சாப்பாடும் வந்தது.

"உன் வூடு இங்கதான கீது? போன் பண்ணி அப்பாவ வரச் சொல்லேம்மா" என்றாள் அந்தத் தாய். நான் பண்ணவில்லை. உங்கள் முகத்தை இன்னொரு தடவை பார்த்திருந்தால் விமானம் ஏறியிருக்க மாட்டேன் அப்பா. சாயங்காலம் வேறு விமானத்தில் தைரியமாக ஏறிவிட்டேன்.

வார்டு வேலை பிடித்திருக்கிறது. எதிர்வீட்டுத் துரை அண்ணன் லீவு முடிந்து இங்கே திரும்பும்போது, என் பழைய தலையணை உறையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

டூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

செலின்