அண்ணி வைத்த கழுநீர்ப் பானை

அண்ணி,

எழுதுவதற்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். உனக்குப் படிக்கத் தெரியாது. மதராஸில் நான் படித்த நாளில் போட்ட கடுதாசிகளை எல்லாம் அண்ணன்தான் எழுத்துக் கூட்டி உனக்கு வாசித்தார். எல்லாம் அவர் வாய்வழியாக வர வேண்டும் என்பதால், உன்னிடம் மட்டும் சொல்ல நினைத்ததை நான் ஒருநாளும் எழுதியதில்லை. மழை, பரீட்சை, சௌக்கியம், அவ்வளவுதான். இப்போது நீயே இல்லை. நடுவில் வாசித்துச் சொல்ல ஆளும் வேண்டாம். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

சற்று முன் பின்வாசலில் கழுநீர்ப் பானையின் மூடியை எடுத்தேன். அரிசி களைந்த தண்ணீரில் பழம்புளியைக் கரைத்து நான்தான் வைத்திருந்தேன். நன்றாகப் புளித்திருக்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. இன்று சாயங்காலம் உன் அண்ணன் வந்தார், உன் பெண் பாக்கியத்தை அணைக்கட்டில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக. தாயில்லாத பிள்ளை தாய்மாமன் வீட்டில் வளர்வதா, இந்த வீட்டில் என்னிடம் வளர்வதா என்பதுதான் பேச்சு. நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் புளிப்பு வாசனை முதலில் வேறெங்கோ இழுக்கிறது.

நீ மருமகளாக வந்த அன்று நான் பாவாடை கட்டிய சிறுபெண். அம்மாவும் அப்பாவும் போய், அண்ணன் சம்பாத்தியத்தில் நின்ற வீடு. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “வாங்க அண்ணி” என்றேன். “இன்னா வாங்க போங்க? நான் இன்னா கலெக்டரு பொஞ்சாதியா? நீ, வான்னு கூப்டு. இல்லாங்காட்டி உன்னோட பேச மாட்டேன்” என்றாய். அன்றிலிருந்து ‘நீ’தான்.

அந்த வாரமே வேட்டி கறுத்தது. அண்ணன் அப்போது தோல் ஷாப்பில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். வேட்டி முழுக்கப் பழுப்பேறி வரும். நெல்வயலில் வளர்ந்த உனக்கு அது வெறும் அழுக்கு. இரும்பு வாளியில் ஊறப்போட்டுவிட்டாய். பட்டைச் சாறு இரும்பில் பட்டால் என்ன ஆகும் என்று இந்த ஆம்பூரில் பிறந்த பெண்ணுக்குத் தெரியும். மண்தொட்டியைத் தவிர எதிலும் போடமாட்டாள். காலையில் நீ பிழிந்து உதறினால், வேட்டி காக்கைச் சிறகு. அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதக் கட்டிகினு போனா என்னியே தோலுன்னு நெனச்சி தொட்டியில போட்டுடுவானுங்க” என்றார். தெருவே சிரித்தது. வேறு பெண்ணாக இருந்தால் உள்ளே போய் அழுதிருப்பாள். நீ அந்த வேட்டியை வீட்டுக்கு முன்னால் கொடி கட்டிக் காயப்போட்டாய். “சிரிக்கிறவங்க கண்ணு நெறைய பாக்கட்டும். பாத்துப் பாத்து அலுத்துடும்” என்றாய். அலுத்துத்தான் போயிற்று. எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பிறகு அதைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்தாய். அதற்குமேல் வெளுக்கவில்லை. அண்ணன் அதையே கட்டிக்கொண்டு போனார்.

காலேஜில் ரசாயனப் பாடத்தில் மசி செய்யும் விதம் சொன்னார்கள். பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்ததுதான் மசி. லீவில் வந்து உன்னிடம் அதைச் சொன்னபோது நீ இடுப்பில் கைவைத்துக்கொண்டாய். “வருசக் கணக்கா படிச்சி நீ இப்பத்தான் கண்டுகினியா? நான் ஒரே ராத்திரில ஒரு வாளி காச்சுனேனே, எனக்கு எவன் பட்டம் குடுத்தான்?”

அண்ணனைச் சுண்ணாம்புக் குழிக்கு மாற்றிய பிறகுதான் இந்தப் பானை வந்தது. மயிர் உதிரத் தோலை ஊறவைக்கும் குழி அது. விரலிடுக்கெல்லாம் வெந்து வெடித்துவிடும். நீ முதலில் சாம்பல் போட்டுத் தேய்த்தாய். எரிச்சல் தாங்காமல் குதித்தார். பூந்திக்கொட்டை நுரையும் ஆகவில்லை. ஒருநாள் அவர் சோற்றைப் பிசைய முடியாமல் தட்டைத் தள்ளியபோது, உனக்கு வந்த கோபத்தில் மாட்டுக்கு வைத்திருந்த புளித்த கழுநீரைத் தூக்கி அவர் கைமேல் ஊற்றிவிட்டாய். அவர் கத்தப்போகிறார் என்று நான் நடுங்கினேன். அவரோ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏய், இது நல்லா கீதுடி. இன்னும் ஊத்து” என்றார். அதன்பின் பானையில் கை முக்காமல், நல்லெண்ணெய் தடவாமல் அவரை நீ தட்டின் முன் உட்காரவிட்டதில்லை.

உன் அண்ணன் வீட்டுக் காதுகுத்து உனக்கு ஞாபகம் இருக்கும். அண்ணன் பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பரிமாறிக்கொண்டிருந்த நீ சாம்பார் வாளியை நடுவில் வைத்தாய். “எழுந்துக்கோங்க மாமா, நல்லா எழுந்துக்கோங்க. வாசல்ல கழட்டிப் போட்டுக்கிற செருப்பயும் உட்டுட்டுப் போங்க. அதுவும் எங்கூட்டு நாத்தந்தான்.” பந்தி முழுதும் கை நின்றது. உன் அண்ணன் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். தோல் ஷாப்காரனுக்குத் தங்கையைக் கொடுத்தது அவருக்கு அன்றிலிருந்துதான் கசந்தது என்று நினைக்கிறேன்.

ஹாஸ்டலில் என் பெட்டியைத் திறந்தால் அறைத்தோழிகள் ஜன்னலைத் திறப்பார்கள். நான் உன்னைப்போல் பேசவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. முதல் வருஷ லீவில் எலும்பும் தோலுமாக வந்து, இனிப் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். நீ என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கொள்ளு வறுத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரில் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு ரசம் வைத்தாய். சோற்றைக் குழைய வடித்து, உன் கையாலேயே மசித்து, ரசத்தை ஊற்றி, சுட்ட அப்பளத்தை மேலே நொறுக்கினாய். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய நான் சாப்பிட்டேன். மிளகுக்காக அழுகிறேனா, வேறெதற்கா என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் நீ மிளகை ஜாஸ்தி போட்டிருந்தாய் என்று இப்போது புரிகிறது. மறுபடி மதராஸுக்குப் புறப்பட்டபோது என் துணிகளைப் பூந்திக்கொட்டை நீரில் அலசி, காய்ந்த எலுமிச்சைத் தோலை மடிப்புகளில் வைத்துக் கொடுத்தாய். “நாத்தம்னு சொன்னா, எங்கூட்டு சாப்பாடு இந்த நாத்தத்துல தான் வர்துன்னு சொல்லு. வாய் வர்லன்னா பரீட்சைல ஜெயிச்சிக் காட்டு” என்றாய். இரண்டாவதைத்தான் என்னால் செய்ய முடிந்தது.

ஐப்பசி மழையில் விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. நீ போன மறுநாள் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தரையெல்லாம் ஃபினாயில் ஊற்றிக் கழுவினார்கள். காய்ச்சல் வீட்டுக்கு அது வேண்டியதுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாக்கியம் உள்ளே வரமாட்டேன் என்றாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, “இது எங்கூடு இல்ல” என்றாள். சோறு வைத்தால் முகர்ந்து பார்த்துத் தள்ளினாள். அவள் சொன்னது நிஜம். சோற்றிலும் ஃபினாயில்தான் மணத்தது.

நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்த நீரால் தரையைக் கழுவினேன். சாணம் மெழுகினேன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தேன். தலையணை உறைகளைப் பூந்திக்கொட்டை நீரில் அலசி வெயிலில் போட்டேன். எலுமிச்சைத் தோலைத் தணலில் போட்டு மூலைக்கு மூலை புகை காட்டினேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. மெழுகியது திட்டுத்திட்டாக நின்றது. கடைசியில் கொள்ளு ரசம் வைத்தேன். பூண்டு கருகிவிட்டது. பாக்கியம் வாசற்படியில் நின்று நெடுநேரம் மூக்கை உறிஞ்சினாள். உள்ளே வந்து சாப்பிட்டாள். “பூண்டு தீஞ்சி போச்சி அத்த” என்றாள். நீ போனபிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அன்றே தீர்மானித்துவிட்டேன். இவளை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. முதலாளி தொழுகைக்குப் போகும் நாள், தோல் ஷாப்புக்கு விடுமுறை, அண்ணன் வீட்டில் இருப்பார் என்றுதான் உன் அண்ணன் மனைவியோடு வந்தார். வந்ததும் அந்த அம்மாள் வீட்டைச் சோதனை போட்டாள். பானையைத் தட்டினாள். மூலையில் விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். பாக்கியத்தின் தலையை முகர்ந்தாள். சாம்பல் கிண்ணத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஒரு சோப்புக்கட்டிகூட இல்லியே ஊட்டுல! காலேஜு படிச்சிட்டு சாம்பல்லயா தேய்க்கிற?”

“எண்ணெப் பிசுக்கு சாம்பல்லதாங்க போவுது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உன் அண்ணன் நேராக விஷயத்துக்கு வந்தார். “இதோ பாரும்மா. நீ நாளிக்கு ஒருத்தனக் கட்டிகினு போய்ட்டின்னா கொழந்த கதி இன்னா? கட்டிக்கலன்னா, கண்ணாலம் ஆவாத பொண்ணு புள்ள வளக்கறான்னு ஊர் இன்னா பேசும்? படிச்சவ கையில குடும்பம் நிக்காது. அதும்மேல இந்தத் தோல் நாத்தத்துல எங்க தங்கச்சி செத்தது போதும். பொண்ணாவது பொழைக்கட்டும்.”

அண்ணன் அன்று பந்தியில் குனிந்ததுபோலவே குனிந்தார். தாழ்ந்த குரலில்தான் பேசினேன், ஆனால் நிறுத்தவில்லை.

“உங்க தங்கச்சி காய்ச்சல்ல செத்தாங்க, நாத்தத்துல இல்ல. இந்த நாத்தத்த அவங்க தெனம் தன் கையால கழுவினாங்க, ஒருநாளும் வெக்கப்படல. ஊர் பேசும்னு சொல்றீங்க. பேசட்டும். இந்தப் புள்ள சோறு தள்ளி உக்காந்தப்ப ஊர் வந்து ரசம் வெக்கல. என்னைப் பொண்ணு கேக்க வந்தவரு ஒருத்தரு, புள்ள இல்லாம வந்தா கட்டிக்கிறேன்னாரு. போங்கன்னு சொல்லிட்டேன். உங்களுக்கும் அதான். பாக்கியத்தப் பாக்க எப்ப வேணா வாங்க, சாப்பிடுங்க, தங்குங்க. கூட்டிகினு போவ வராதீங்க.”

அந்த அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள். உன் அண்ணன், “இன்னாய்யா, ஒன் தங்கச்சி பேஜார் பண்றா, நீ பாத்துகினு கீற?” என்று அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“நான் பேசத் தெரியாதவன் மச்சான். அவ பேசிட்டா. நான் அவ பக்கம்.”

“ஒரு மாசம் தாங்க மாட்டா. அவளே கொண்டாந்து உடுவா, பாரு” என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார். நான் கொடுத்த மோரைத் தொடவில்லை. அந்த அம்மாள் மட்டும் இரண்டு வாய் குடித்துவிட்டு ஓடினாள். விடமாட்டேன், அண்ணி. பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டி வந்தாலும் இதையேதான் சொல்வேன், இதைவிடக் கொஞ்சம் உரக்க.

இத்தனையும் எழுதிவிட்டு, கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

அவர்கள் போனபின் பாக்கியத்துக்குச் சோறு போட்டேன். பசித்திருந்தாள் போலிருக்கிறது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அம்மா, இன்னும் கொஞ்சம்” என்றாள். சொன்னதை அவளே கேட்டிருக்கவேண்டும். வாயில் வைத்த கை அப்படியே நின்றது. ஒரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று நான் உன் அண்ணனிடம் அனுமதி கேட்கவில்லை, ஊரிடம் கேட்கவில்லை, என் அண்ணனிடமும் கேட்கவில்லை. உன்னிடம் மட்டும் கேட்கிறேன். அவள் இன்னொரு தரம் அப்படிக் கூப்பிட்டால், நான் ‘இன்னாம்மா’ என்று கேட்கட்டுமா?