ஜாடியில் இல்லாத உப்பு

லைட்ஹவுஸ் குப்பம்,
சனிக்கிழமை.

அன்பு மகன் சிங்காரத்துக்கு அம்மா எழுதுவது. பஹ்ரைனில் நீ உடம்பு சுகமாக இருக்க கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் பெண்டாட்டி பச்சையம்மாவும் பிள்ளைகளும் சுகம், உன்னைப் பெத்த நைனாவை மட்டும் இந்த வரியில் சேர்க்க முடியவில்லை. போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன், பச்சையம்மா இதைப் போட்டோ பிடித்து அனுப்புவாள்.

திங்கட்கிழமை மீஞ்சூரில் ரயில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நைனாவின் கிட்னிக்குப் பார்க்கிற கிரியாட்டினின் போன தடவை இரண்டு புள்ளி ஒன்று, இப்போது இரண்டு புள்ளி எட்டு. இப்படியே ஏறினால் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டு, சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார். மூன்று மாதமாக என் குழம்பில் ஒரு கல் உப்பு கிடையாது, ஜாடியையே பரண்மேல் ஏற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்புறம் எப்படிம்மா தாத்தா சாப்பிடுறார் என்று கேட்டாள். ருசிக்கு இரண்டு கருவாடு கிள்ளிப் போடுவேன், நானே காயவைத்தது என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கருவாடு நமக்கு மீன்தானே, அதை யார் உப்பென்று நினைத்தோம்? கூடை கூடையாக உப்பைக் கொட்டி மீனை ஊறவைப்பது இந்தக் கைதான், எனக்கே புத்தியில் ஏறவில்லை. நைனா அங்கேயே சிரித்து, "ஜாடிய பரண்ல ஏத்திட்டு உப்பளத்தையே கொழம்புல எறக்கிட்டாம்மா"ன்னு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூன்று மாதம் நானே போட்டிருக்கிறேன்.

மீனை அடியோடு விடச் சொல்லவில்லை. பச்சை மீன் நாளைக்கு ஒரு சின்னத் துண்டு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகாது, பலத்துக்கென்று நீ அனுப்பிய பவுடரும் வேண்டாமாம். ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருப்பதால் இளநீர் கூடாது, காயை நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். ஆனால் வயசானவர், சோறு குறைந்து மெலிந்தால் அதுவும் ஆபத்து என்றாள். இப்போது அந்தப் பயம்தான் எனக்கு. ஐந்து நாளாகத் தட்டைத் தள்ளிவிடுகிறார். "செத்தவனுக்குப் படைக்கிற மாதிரி இன்னா சோறு இது, ஒரு துண்டு கருவாடு இன்னா பண்ணும்னு எம்புள்ளையே சொன்னான்"னு கத்துகிறார். திங்கட்கிழமை ராத்திரி போனில் நீ விளையாட்டாகச் சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நேற்று வீட்டிலிருந்த கருவாட்டுக் கூடையைப் பக்கத்து வீட்டு வேலம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப நீ இன்னாத்த துன்னுவ"ன்னு கேட்டார். உனக்கு ஆக்குறதுதான் எனக்கும் என்றேன். பூண்டும் மிளகும் எலுமிச்சையும் போட்ட மடவை மீன் குழம்பு, எனக்கே தொண்டையில் இறங்கவில்லை, காட்டிக்கொள்ளவில்லை. அவர் நான்கு கவளம் தின்றார்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு மாதம் இருக்கிறது. நாளை நீ போன் பண்ணினதும் கருவாட்டைத்தான் கேட்பார். நான் சொன்னால் பெண்டாட்டி பயம் என்பார், டாக்டர் சொன்னால் அது அவர் பிழைப்பு என்பார். நீ சொன்னால்தான் வாயடைப்பார். வேண்டாம் நைனா என்று குரல் இளகாமல் சொல், கோபித்துக்கொண்டு போனை வைத்தாலும் வைக்கட்டும்.

அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். நாளை மறக்காதே.

உன் அம்மா,
இருசம்மாள்